வலி நின்றுவிட்டது!

நேயர்களே, உங்களுக்குப் பல்வலி வந்ததுண்டா? வந்ததுண்டு என்றால், அந்த வேதனையை நான் வர்ணிக்க வேண்டியதில்லை. வந்ததில்லை என்றால், நான் எவ்வளவு வர்ணித்தாலும் புரியப் போவதில்லை. ஆகவே, நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

போன தீபாவளிக்கு மறுநாள், மீதமிருந்த அல்வாவில் ஒரு துண்டை வாயில் போட்டேன். வலது பக்கத்துக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் 'சுளீர்' என்றது. காப்பி குடித்தால் சுளீர். பானைத் தண்ணீர் குடித்தால் அதைவிடப் பெரிய சுளீர். கண்ணாடியில் பார்த்தேன். பல்லின் நடுவே கடுகளவில் ஒரு கறுப்புப் புள்ளி.

"டாக்டரிடம் காட்டிவிடுங்களேன்" என்றாள் என் மனைவி.

"கடுகளவுதானே? பார்த்துக்கொள்ளலாம்" என்றேன். 'பார்த்துக்கொள்ளலாம்' என்ற சொல்லுக்கு நம் வீடுகளில் 'செய்யப் போவதில்லை' என்று அர்த்தம். இது நீங்கள் அறியாததல்ல.

அடுத்த வீட்டு மாமி கிராம்பை அடக்கிக்கொள்ளச் சொன்னாள். ஆபீஸ் நண்பர் ஒரு மாத்திரையைச் சிபாரிசு செய்தார். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்ளலாம் என்றால், கடிப்பதற்கே அந்தப் பல் இடம் கொடுக்கவில்லை! தை மாதத்தில் ஒரு வாரம் முழுவதும் இரவில் தூக்கமே இல்லை. எட்டாம் நாள் காலையில் எழுந்தால், என்ன ஆச்சரியம்! வலி போன இடம் தெரியவில்லை. சுடச்சுடக் காப்பி குடித்தேன். ஒன்றுமே இல்லை.

"பார்த்தாயா? டாக்டரும் வேண்டாம், ஒருவரும் வேண்டாம்!" என்று மனைவியிடம் மார்தட்டிக் கொண்டேன்.

அது எவ்வளவு பெரிய அசட்டுத்தனம் என்பது சித்திரையில் தெரிந்தது. ஓர் இரவு தாடை விண்விண் என்று தெறித்தது. பொழுது விடிவதற்குள் கன்னம் பூரி போல உப்பிவிட்டது. நல்ல காய்ச்சல். வாயில் ஒரு விரல் நுழையும் அளவுக்குக்கூடத் திறக்க முடியவில்லை. இந்தத் தடவை மனைவி என்னை யோசனை கேட்கவில்லை. ஆட்டோவைக் கூப்பிட்டுவிட்டாள்.

பல் டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். "வலி எப்போது வந்தது?" என்றார். சொன்னேன். "எப்போது நின்றது?" அதையும் சொன்னேன்.

"நின்றபோது என்ன நினைத்தீர்கள்?"

"குணமாகிவிட்டது என்று நினைத்தேன்."

"குணமாகவில்லை, ஸார். அன்றைக்குத்தான் உங்கள் பல் செத்துப்போயிற்று!" என்றார்.

அவர் சொன்ன விளக்கத்தை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். பல்லின் மேல்பூச்சான எனாமல், நம் உடம்பிலேயே மிகவும் கெட்டியான பொருள், எலும்பைவிடக் கெட்டி. ஆனால் அதில் நரம்பு கிடையாது. பல்லின்மேல் படியும் அழுக்கில் வாழும் கிருமிகள், நாம் சாப்பிடும் சர்க்கரையை அமிலமாக மாற்றுகின்றன. அந்த அமிலம் எனாமலை மெள்ள மெள்ளக் கரைக்கிறது. 'பூச்சி அரித்த பல்' என்று சொல்கிறோமே, உண்மையில் அங்கே பூச்சியும் இல்லை, புழுவும் இல்லை. இந்த அமிலத்தின் வேலைதான். எனாமல் கரையும்போது வலிக்காது. அதற்கு அடுத்த அடுக்கை எட்டிய பிறகுதான் இனிப்பும் குளிர்ச்சியும் உறைக்கத் தொடங்கும்.

பல்லின் நடுவே கூழ் போன்ற ஒரு பகுதி இருக்கிறது. நரம்பும் ரத்தக் குழாய்களும் அங்கேதான் குடியிருக்கின்றன. கிருமி அங்கே நுழைந்தால் அந்தக் கூழ் வீங்கும். கையில் வீக்கம் வந்தால் தோல் இடம் கொடுக்கும். பல்லுக்குள் சுற்றிலும் கெட்டிச் சுவர். வீங்குவதற்கு இடம் ஏது? அதனால்தான் அந்தப் பிராணாவஸ்தை! கடைசியில் கூழ் அழுகிச் செத்துப்போகிறது. வலியை உணர ஆள் இல்லாததால் வலி நின்றுவிடுகிறது. கிருமிகளோ நிற்பதில்லை. வேரின் நுனி வழியாகத் தாடை எலும்புக்குள் இறங்கிச் சீழ் பிடிக்கச் செய்கின்றன.

சில சமயம் அந்த வீக்கம் நாக்கின் அடியிலும் கழுத்திலும் பரவி மூச்சையே அடைத்துவிடும். லுட்விக் என்ற ஜெர்மானிய டாக்டர் 1836-ல் இந்த வியாதியை விவரித்து எழுதினார். பென்சிலின் வருவதற்கு முன்னால் இதற்குப் பலியானவர்கள் அநேகம். இன்றும் அது அபாயமானதுதான். பல்வலிக்காரருக்குத் தாடைக்கு அடியில் வீக்கம், விழுங்கச் சிரமம், மூச்சுத் திணறல் இவற்றில் எது கண்டாலும் விடியட்டும் என்று காத்திராமல் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

"தீபாவளிக்கே வந்திருந்தால் ஒரே தடவையில் அடைத்து அனுப்பியிருப்பேன். தையில் வந்திருந்தால் ரூட் கெனால் செய்து பல்லைக் காப்பாற்றியிருக்கலாம்" என்றார் டாக்டர். சித்திரையில் வந்தவனுக்குச் சீழை வடித்து, மருந்து கொடுத்து, வீக்கம் வற்றிய பிறகு பல்லைப் பிடுங்க வேண்டியதாயிற்று. பிடுங்கிய இடத்தை அப்படியே விட்டால் பக்கத்துப் பற்கள் அங்கே சாயுமாம். மேல் பல் கீழே இறங்குமாம். ஆகவே செயற்கைப் பல்லுக்கும் ஏற்பாடு நடக்கிறது.

பயந்துகொண்டு போகாதவர்களும் உண்டு. இங்கிலாந்தை ஆண்ட முதலாம் எலிஸபெத் ராணியே அப்படித்தான். 1578-ல் அவளைப் பல்வலி படாத பாடு படுத்தியது. ஆனாலும் பல்லைப் பிடுங்கிக்கொள்ள அவளுக்குத் தைரியம் வரவில்லை. லண்டன் பிஷப் ஐல்மர், வயதான காலத்தில், தம்முடைய பல் ஒன்றை அவள் கண்ணெதிரே பிடுங்கச் சொல்லித் தைரியம் ஊட்டினாராம்! நமக்காக எந்த பிஷப்பும் பல்லைக் கொடுக்க வேண்டியதில்லை. 1846-ல் பாஸ்டன் நகரில் ஈதர் மயக்க மருந்தின் சக்தியை உலகுக்குக் காட்டிய மார்ட்டன் ஒரு பல் வைத்தியர்தான். இன்று ஈறில் ஓர் ஊசி போட்டால் அந்த இடம் மரத்துவிடுகிறது. சத்தியமாகச் சொல்கிறேன், பல்லைப் பிடுங்கியபோது எனக்கு வலிக்கவில்லை. வலித்ததெல்லாம் அதற்கு முன்னால்தான்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. 'பால் பல்தானே, விழத்தானே போகிறது' என்று குழந்தையின் சொத்தையை விட்டுவிடாதீர்கள். கடைவாய்ப் பால் பற்கள் பத்துப் பன்னிரண்டு வயதுவரை இருக்க வேண்டியவை. முன்கூட்டியே போய்விட்டால் பின்னால் வரும் பல்லுக்கு இடம் குறுகிவிடும். இன்னொன்று: ஆறு வயதில், எந்தப் பல்லும் விழாமலே, கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் ஒரு பெரிய பல் முளைக்கிறது. அது பால் பல் அல்ல. ஆயுள் முழுவதற்குமான பல்.

இன்றிரவு குழந்தைகளை வெளிச்சத்தில் உட்கார்த்தி வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். பிறகு உங்கள் வாயையும் கண்ணாடியில் பாருங்கள். கடுகளவு கறுப்புப் புள்ளி தெரிந்தால் 'பார்த்துக்கொள்ளலாம்' என்று மட்டும் சொல்லாதீர்கள். இந்தப் பத்திரிகையின் தொடர்கதைக்காக நீங்கள் அடுத்த வாரம் வரை காத்திருக்கலாம். சொத்தைப் பல் காத்திருக்காது.