வன்மையும் திசையும்

தோணிக்குப் பலகை தேரும் நம் தூத்துக்குடித் தச்சர் மரத்தின் வன்மையை மட்டும் நோக்கார். அதன் நார் ஓடும் திசையையும் நோக்குவர். உலோகத்திற்கு அவ்வாராய்ச்சி வேண்டாமென்று எண்ணுவோர் பலர்.

மகேந்திரகிரியில் 2024-ஆம் ஆண்டு மே மாதம் 9-ஆம் தேதி, பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் நான்காம் அடுக்கிற்குரிய எஞ்சின் ஒன்று 665 விநாடி எரித்துச் சோதிக்கப்பெற்றது. முன்னர் 14 உறுப்புகளாயிருந்த அது, உலோகத் தூளை லேசர் கதிரால் உருக்கிப் படலத்தின்மேற் படலமாய் வளர்த்தமையால் ஒரே உறுப்பாயிற்று. 19 பற்றவைப்புகள் ஒழிந்தன. 565 கிலோ உலோகம் வேண்டியிருந்த இடத்தில் 13.7 கிலோ தூள் போதியதாயிற்று.

இச்சிக்கனம் போற்றத்தக்கதே. ஆயினும் இம்முறையில் வெப்பம் பெரும்பாலும் கீழ்நோக்கிப் பாய்தலின், உலோகத்தின் மணிகள் மேல்நோக்கி நீண்டு வளர்கின்றன. சரிவர உருகாத இடங்கள் படலங்களுக்கிடையே தட்டையான வெற்றிடங்களாய் நின்றுவிடுகின்றன. படலங்களைப் பிரிக்கும் திசையில் இழுத்தால் அவை வாய் பிளக்கும். படலத்தின் போக்கிலேயே இழுத்தால் அத்துணைக் கேடு செய்யா. பின்னர்ச் சூடேற்றிப் பக்குவப்படுத்தல் இவ்வேற்றுமையைக் குறைக்கும். எப்பொழுதும் முற்றும் போக்குமென்று நம்புதற்கில்லை.

நெடிய பொருளைக் கிடையாய் வளர்த்தால் படலங்களும் குறையும், நேரமும் குறையும். அஃதொன்றே பற்றித் திசையைத் தீர்மானித்தல் தகாதென்பது எம் கருத்து. பாரம் எத்திசையில் இழுக்குமோ அதுவே முதலில் எண்ணத்தக்கது. திசை கூறாத வன்மைக் கணக்கு அரைக் கணக்கேயாம்.

குலசேகரப்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்திற்கு 2024 பிப்ரவரி 28-இல் அடிக்கல் நாட்டப்பெற்றது. நம் மாணாக்கர் அங்கே பணிபுரியும் நாள் வரலாம். “எவ்வளவு தாங்கும்?” என்பதோடு “எத்திசையில்?” என்றும் வினவும் வழக்கத்தை அவர்கள் இன்றே நம் ஆய்வுக்கூடத்திற் பயில்வாராக.