தாளம் யார் கையில்?

"ஜதி சொல்ல ஆம்பளைக் குரல்தாங்க வேணும். அதுலதான் கம்பீரம்." டிசம்பர் சீசனில் மயிலாப்பூர் சபா கேண்டீனில் தட்டோடு நிற்கும்போது இது என் காதில் விழாத வருஷமே இல்லை. சொல்பவர்கள் பரதநாட்டியத்தை நேசிப்பவர்கள்தான். அதனால்தான் எரிச்சல் கூடுகிறது.

கம்பீரம் என்று அவர்கள் சொல்வது வெறும் பழக்கம். ஆடுகிறவள் பெண், ஆட்டுவிக்கிறவர் ஆண் என்ற காட்சி கண்ணில் ஊறிப்போனதால் காதும் அதையே கேட்கிறது. நமக்கு மட்டும் வந்த வியாதி இல்லை இது. ஹார்லெமில் 1926இல் திறந்த சவாய் பால்ரூமில் வளர்ந்த லிண்டி ஹாப்பிலும் ஆண் நடத்துவான், பெண் பின்தொடர்வாள் என்பதுதான் வழக்கம். இன்று பல ஸ்விங் வகுப்புகளில் யார் வேண்டுமானாலும் எந்தப் பக்கத்தையும் கற்கலாம். நாம்தான் இன்னும் தொண்டையில் ஆண்மையைத் தேடுகிறோம்.

நட்டுவாங்கத்தில் உண்மையில் யார் யாரை நடத்துகிறார்கள்? ஜதியில் சொற்கட்டும் தாளமும் பிடித்து இழுக்கும், கால் கூடவே ஓடும். அபிநயத்துக்கு வந்தால் கதை மாறும். ஆடுபவர் இன்னொரு சஞ்சாரிக்குப் போனால் பாடகர் அதே வரியைத் திரும்பப் பாடுவார்; நட்டுவனார் அவர் முகத்தைப் பார்த்துக் காத்திருப்பார். ஒரே வர்ணத்துக்குள் தலைமை பலமுறை கைமாறுகிறது. இதுக்கு வேணும்கிறது கணக்கு, காது, எதிராளியின் மூச்சைப் படிக்கிற கண். மீசைக்கு இங்கே என்ன வேலை?

1943இல் கலாக்ஷேத்ராவில் ஓர் அரங்கேற்றத்துக்குச் சற்று முன் நட்டுவனார் விலகிப்போனபோது, ருக்மிணி தேவியே தாளத்தைக் கையில் எடுத்தார். வழுவூர் ராமையா பிள்ளையிடம் கற்ற கே. ஜே. சரசா நட்டுவனாராகவே பேர் வாங்கினார். ஜெயலலிதாவுக்கு நடனம் சொல்லிக்கொடுத்தவர் அவர். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

ஆனா இதை வெறும் பெண் வெற்றிக் கதையாகச் சொல்ல மாட்டேன். தலைமுறைகளாக ஆடிய தேவதாசிப் பெண்கள் மேடையை இழந்தார்கள். 1947 சட்டம் அதற்கு முத்திரை குத்தியது. அவர்கள் வீட்டு ஆண்கள் ஆசிரியர்களாக இன்னும் கொஞ்ச காலம் தாக்குப்பிடித்தார்கள். பிறகு தாளமும் பெரும்பாலும் அந்த வீடுகளைவிட்டுப் போனது. அடையாறில் தாளத்தை எடுத்த கை ஒரு பெண்ணின் கை; மேல்சாதிக் கையும்கூட. இரண்டையும் சேர்த்துச் சொல்லாத பெண்ணியம் எனக்கு வேண்டாம்.

பையன்களுக்கும் இந்தப் பிரிவினையால் லாபமில்லை. தி.நகரில் நான் கற்ற வகுப்பில் நன்றாக ஆடிய பையனை "நீ நட்டுவாங்கம் பண்ணு, அதான் உனக்குப் பொருத்தம்" என்று உட்கார வைத்தார்கள். எங்களை யாரும் உட்காரச் சொல்லவில்லை. அவனுக்குச் சலங்கை போச்சு, எங்களுக்குத் தாளம் போச்சு.

நான் கேட்பது பெரிய புரட்சி இல்லை. அடவு தொடங்குகிற வருஷத்திலேயே ஒவ்வொரு பிள்ளை கையிலும் தட்டுக்கழியைக் கொடுங்கள். ஆடவும் விடுங்கள், ஆட்டுவிக்கவும் விடுங்கள். யாருக்கு எது வரும் என்பதை அதுக்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.