தலை முழுகினால் மனம் தெளியுமா?

நமது ஆரணியில் நெசவாளர் ஒருவர் சில வாரங்களாக முகம் வாடி, குழித்தறியில் இறங்கி உட்கார மனமின்றி இருந்தால், வீட்டுப் பெரியோர் கூறும் முதல் வைத்தியம் ஒன்று உண்டு: "உஷ்ணம் தலைக்கேறிவிட்டது, எண்ணெய் தேய்த்து வெந்நீரில் தலை முழுகட்டும்." படித்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பதுண்டு. சிரிக்குமுன் சற்று யோசிப்பது நலம்.

ஸ்நானத்தை மனோவியாதிக்குத் துணையாகக் கொள்வது நம் நாட்டில் பழைய வழக்கம். திருச்சிராப்பள்ளிக்கு அருகே, காவிரிக் கரையிலுள்ள குணசீலத்தில், சித்தம் கலங்கியவர்களை 48 நாள் தங்கவைத்து, நீராட்டி, முகத்தில் தீர்த்தம் தெளிக்கிறார்கள்.

இப்பொழுது மேல்நாட்டாரும் இவ்விஷயத்தை ஆராய்கிறார்கள். 2016-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நடந்த ஒரு பரீட்சையின் முடிவு வெளியாயிற்று. மனச்சோர்வு நோயுற்ற 30 பேரில் ஒரு பகுதியினரின் தேக உஷ்ணத்தை, ஒரே ஒரு முறை, 38.5 டிகிரி செண்டிகிரேடு வரை ஏற்றினார்கள். மற்றவர்களுக்கு இலேசான சூடு மட்டும் காட்டினார்கள். நன்கு சூடேறியவர்களுக்கே சோர்வு அதிகமாகக் குறைந்தது. அப்பலன் ஆறு வாரம் வரையில் காணப்பட்டது. ஆயினும் 30 பேர் என்பது நமது ஊரில் ஒரு சிறு தெருவின் ஜனத்தொகைதான் என்பதை மறக்கலாகாது. மேலும், பரீட்சை நடந்தது வைத்தியர் கண்காணிப்பில். வீட்டு வெந்நீர் அண்டாவில் அன்று.

குளிர்ந்த நீரைப் பற்றிய சாட்சியம் இன்னும் சொற்பம். அதில் திடீரென்று இறங்கினால் மூச்சு முட்டும். இரத்த அழுத்தம் உயரும். இருதய நோயாளிக்கு ஆபத்துமாகும். முற்காலத்து ஐரோப்பிய மனநோய் விடுதிகளில் நோயாளிகளை எதிர்பாராத சமயத்தில் குளிர்நீரில் அமிழ்த்தினார்கள். அது வைத்தியமன்று, தண்டனையே. விருப்பமில்லாதவர் தலையில் குடம் குடமாகக் கொட்டுவதும் அவ்வாறே.

எண்ணெய் ஸ்நானத்தை நாம் குறை கூறவில்லை. அதனால் தேகம் இளகும், உறக்கம் வரும், அன்புள்ள ஒருவர் தலையில் எண்ணெய் வைப்பதே ஆறுதல்தான். ஆனால் அத்துடன் கடமை தீர்ந்ததென்று குடும்பத்தார் இருந்துவிடுவதுதான் நமக்குக் கவலை தருகிறது. சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, ஊணும் உறக்கமும் கெட்டாலோ, சாவைப் பற்றிப் பேச்சு வந்தாலோ, ஒரு நாளும் தாமதிக்கலாகாது. வேலூர் பாகாயத்தில் மனநல வைத்தியசாலை இருக்கிறது. 2022-இல் ஏற்பட்ட அரசாங்க டெலிபோன் உதவியும் உண்டு. அதன் எண் 14416.

தறியில் ஓர் இழை அறுந்தால் நெய்பவரே முடிந்துகொள்வார். பாவு முழுவதும் சிக்கலானால் நாலு பேர் கை வேண்டாமா? தலை முழுகட்டும், வைத்தியரிடமும் போகட்டும்.