போட்டோகிராஃபர் சாப்பிட்டாரா?

போன மாசம் மதுரைப் பக்கம் ஒரு கல்யாணம். 'கெட்டிமேளம்'னு ஐயர் கையைக் காட்டினதுதான் தாமதம், முன்வரிசை மொத்தமும் செல்போனைத் தூக்கிக்கிட்டு எழுந்திரிச்சிட்டாங்க. ஸ்டூல் மேல நின்ன போட்டோகிராஃபருக்குக் கிடைச்சது ஒரு பெரியவரோட வழுக்கையும் நாலு செல்போனும்தான். அப்புறம் 'தாலி கட்டுற படம் சரியா விழலையே'ன்னு அவரைத்தான் திட்டுவோம்.

நானும் திட்டினவன்தாங்க. 1997ல அக்கா கல்யாணம். அப்போ ஃபிலிம் ரோல், 36 படம். சரியா தாலி கட்டுற நேரத்துல ரோல் தீர்ந்து போச்சு. புதுசு மாட்டுறதுக்குள்ள நாத்தனார் மூணாவது முடிச்சையே போட்டாச்சு. மாப்பிள்ளையை மறுபடி தாலியைப் பிடிக்கச் சொல்லி எடுத்த படம்தான் ஆல்பத்துல இருக்கு. உத்துப் பாத்தா தெரியும், தாலி ஏறுறதுக்கு முன்னாடியே அக்கா தலையெல்லாம் அட்சதை! எல்லாரும் சிரிக்கிறாங்க. நிஜமா கட்டினப்போ அம்மா அழுதாங்க. அந்தப் படம் இல்ல.

பேசின காசுல அப்பா 500 ரூபாய் பிடிச்சிட்டார். 'வேணும் அந்த ஆளுக்கு'ன்னு நினைச்சேன். முந்தின ராத்திரி வரவேற்பு முடியப் பதினொண்ணரை. கேமரா பையைத் தலைக்கு வச்சு மண்டபத்துலயே படுத்த மனுசன், பொண்ணு அலங்காரம் எடுக்க நாலு மணிக்கு எழுந்தார். கடைசிப் பந்தியில அவருக்கு மிஞ்சினது ரசமும் மோரும். ரோலை எண்ண வேண்டியது அவர் வேலைதான், இல்லைங்கல. அதுக்காக 500 ரூபாயா?

அட்சதையை உக்காந்துகிட்டே போடலாம் மக்களே. படம் எடுக்க ஒருத்தரைக் காசு குடுத்து வச்சிருக்கோம், அவரை எடுக்க விடுங்க. நேரத்துக்கு ஒரு இலையும் போடுங்க.

மதுரையில நானே போய்க் கூப்பிட்டேன். "இல்ல சார், பொண்ணு மாப்பிள்ளை ஊட்டி விடுற ஸ்டில் இருக்கு"ன்னு ஓடிட்டார்.