முதுமை என்று தள்ளிவிடாதீர்!

"வயதாகிவிட்டது, மறதி வரத்தான் செய்யும்" என்று கூறி நம் குடும்பங்கள் ஒரு நோயை மூடி மறைக்கின்றன. இது பொறுமையன்று, பொறுப்பைத் தட்டிக்கழித்தல்.

ரக்அத் எண்ணிக்கையில் ஐயம் எழுவது எவர்க்கும் நேர்வது. அதற்காகவே ஸஜ்தா ஸஹ்வு உள்ளது. ஆனால், அறுபது ஆண்டுகள் ஒளுச் செய்தவர் அதன் வரிசையில் தடுமாறினால், அன்றாடம் சென்ற பள்ளிவாசலுக்கு வழி தெரியாமல் நின்றால், தொழுத சற்று நேரத்திலேயே "அஸர் ஆயிற்றா?" என மீண்டும் மீண்டும் வினவினால், தாம் வைத்த பணத்தை மருமகள் எடுத்ததாகச் சினந்தால், அவை டிமென்ஷியா எனும் மறதிநோயின் தொடக்கக் குறிகளாக இருக்கலாம். இந்தியாவில் 60 வயதைக் கடந்தோரில் ஏறக்குறைய 7.4 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருப்பதாக 2023இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது.

ஜின் என்றும் செய்வினை என்றும் தாயத்துக் கட்டுவோரைக் கேட்கிறோம்: மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவியது யாருக்கு? வைட்டமின் பி12 குறைவும், தைராய்டுக் கோளாறும், மனச்சோர்வும் இதே குறிகளைக் காட்டும். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. காலம் தாழ்த்தினால் அந்த வாய்ப்பும் நழுவும். நம் தேவனூர் நாட்டார் காரவள்ளி வழியே நாமக்கல் செல்ல 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும் என்பது உண்மையே. பெருநாள் ஜவுளிக்கு மலை இறங்கும் நாம், அத்தாவின் மருத்துவத்துக்கு இறங்கத் தயங்கலாமா?

அறிந்தபின் ஏதும் அறியாத நிலைக்குத் தள்ளும் முதுமையைத் திருக்குர்ஆன் (16:70) உணர்த்துகிறது. பெற்றோரிடம் சலிப்பின் சிறு சொல்லையும் (17:23) தடுக்கிறது. மறந்தவரை அதட்டுவது அத்தடையை மீறுவதே. அறிவு நீங்கியவர்மீது தொழுகையும் கடமையில்லை. அவரைப் பேணுவதோ நம்மீது கடமை.

அல்லாஹ் நம் பெரியோருக்கு அருள்புரிவானாக! ஆமீன்.