பாடம் மாற ஒரு வாசல்

கல்லூரியில் சேர்ந்த பிறகு முதன்மைப் பாடத்தை மாற்றிக்கொள்ள முடியுமா? முடியும் என்கிறது பல்கலைக்கழக மானியக் குழு. 2022 டிசம்பரில் அது வெளியிட்ட இளநிலைப் பாடத்திட்டக் கட்டமைப்பின்படி, முதலாண்டின் முடிவில் அதே பெருந்துறைக்குள் மாணவர் வேறு பாடத்துக்கு மாறலாம். அதற்கென 10% கூடுதல் இடங்கள். அரியர் இல்லாமல் அதிக மதிப்பெண் பெற்றவருக்கு முன்னுரிமை.

தமிழகத்தில் நான் கண்ட நடைமுறை வேறு. சேர்க்கை நடைபெறும் வாரங்களில் காலியிடம் இருந்தால் மாறலாம். அதன் பிறகு, ஓராண்டை இழந்து புதிதாகச் சேர்வதே பெரும்பாலும் மிஞ்சும் வழி. மாதம் 1,000 ரூபாய் அரசு உதவித்தொகையையும் கணக்கில் வைத்து மகளைக் கல்லூரிக்கு அனுப்பும் வீட்டில், ஓராண்டு வீணாவது படிப்பே நின்றுபோவதில் முடியக்கூடும்.

இயற்பியல் வகுப்பெடுத்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல முடியும். பிளஸ் டூவில் மாணவர் அறியும் இயற்பியல் வேறு, பட்டப்படிப்பில் சந்திக்கும் இயற்பியல் வேறு. சூத்திரத்தில் எண்களைப் பொருத்தி விடை கண்டவர், இங்கே வகைக்கெழுச் சமன்பாடுகளோடு மல்லுக்கு நிற்கிறார். சிலருக்கு அப்போதுதான் தம் மனம் கணிதத்தில் இருப்பது புரிகிறது. வேறு சிலருக்கு ஆய்வகமே பிடித்துப்போகிறது, கோட்பாடு கசக்கிறது. சேராமல் இதை அறிய வழியில்லை. தவிர, கட்-ஆஃப் மதிப்பெண் தள்ளிவிட்ட பாடத்தில் வந்து அமர்ந்தவர்களே பலர்.

மானியக் குழுவின் விதியிலும் எனக்கு உடன்பாடில்லாத இடம் உண்டு. பிடிக்காத பாடத்தில் அரியர் வைத்திருப்பவருக்குத்தான் மாற்றம் மிகவும் தேவை. அவரையே அது வரிசையின் கடைசியில் நிறுத்துகிறது. ஐ.ஐ.டி.களில் துறை மாற்றம் மதிப்பெண் போட்டியாகவே நடந்தது. முதலாண்டு மாணவர்களின் மன அழுத்தத்தைக் காரணம் காட்டி, அண்மை ஆண்டுகளில் பல ஐ.ஐ.டி.கள் அம்முறையையே கைவிட்டன.

2025-ஆம் ஆண்டு விதிமுறைகள் இன்னும் ஒரு படி மேலே போய், பிளஸ் டூவில் எதைப் படித்திருந்தாலும் நுழைவுத் தேர்வில் வென்றால் எந்தப் பட்டப்படிப்பிலும் சேரலாம் என்கின்றன. தொழிற்கல்விக்கான நுழைவுத் தேர்வை 2006-இல் சட்டமியற்றி ஒழித்த மாநிலம் இதை ஐயத்துடன் பார்ப்பது இயல்பே. ஆனால், நுழைவுத் தேர்வை மறுப்பதற்காகப் பாடம் மாறும் உரிமையையும் சேர்த்து மறுக்க வேண்டியதில்லை.

உண்மையில் நம் பழைய பாடத்திட்டத்திலேயே அதற்கான பாலம் இருக்கிறது. இயற்பியல் மாணவர் துணைப்பாடமாகக் கணிதம் படிக்கிறார். கணித மாணவர்கள் பலர் இயற்பியல் படிக்கிறார்கள். முதலாண்டு முடிவில் மாறுபவருக்கு விடுபடுவன, பருவத்துக்கு ஓரிரு முதன்மைத் தாள்கள் மட்டுமே. அரியர் எழுதுவதுபோல் அவற்றை எழுதிவிடலாம். வேதியியலுக்கும் உயிர்வேதியியலுக்கும் இடையிலும் தூரம் அதிகமில்லை.

எல்லோரும் கணினி அறிவியலுக்கே ஓடிவிடுவார்கள், தாவரவியல் துறை காலியாகும் என்பது துறைத் தலைவர்களின் அச்சம். நியாயமானதுதான். ஆனால், மனமில்லாதவரைப் பிடித்துவைத்து எந்தத் துறையும் பிழைத்ததில்லை. அவர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருப்பார். மேலும், ஆய்வகமும் ஆசிரியரும் தாங்கும் அளவுக்குமேல் யாரையும் சேர்க்கச் சொல்லவில்லை. இடைநின்றவர்களால் இரண்டாம் ஆண்டில் காலியாகும் இடங்களை முதலில் இவர்களுக்குத் தரலாம். அதற்குப் புதிய நிதி ஒதுக்கீடு தேவையில்லை. இரு துறைத் தலைவர்களின் ஒப்புதலும் பல்கலைக்கழகத்தின் ஓர் ஆணையும் போதும்.