கோணல் கையில் இல்லை!

ஒரு கனசதுரப் பெட்டியின் மூலையை மேலிருந்து பார்த்து வரைகிறோம். நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்று திசைகளின் இணைகோடுகளும் மூன்று மறைபுள்ளிகளில் கூடுகின்றன. விதி தவறாமல் வரைந்தும் பெட்டி கோணலாகத் தெரிகிறது. ஏன்?

பார்ப்பவரின் கண்ணிலிருந்து அம்மூன்று புள்ளிகளுக்கும் செல்லும் கோடுகள், பெட்டியின் விளிம்புகளைப் போலவே, ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருக்க வேண்டும். புள்ளிகள் 30 செ.மீ. பக்கமுள்ள சமபக்க முக்கோணமாக அமைந்தால், கண் அதன் மையத்துக்கு நேர் எதிரே சுமார் 12 செ.மீ. தொலைவில் இருக்க வேண்டும். (பக்கத்தை √6 ஆல் வகுத்துப் பாருங்கள், பிதாகரஸ் தேற்றம் காரணத்தைச் சொல்லும்.) அவ்வளவு அருகில் கண்ணை வைத்து யார் படம் பார்ப்பார்?

50 செ.மீ. தொலைவிலிருந்து பார்க்கவேண்டிய படத்துக்குப் பக்கம் ஏறக்குறைய 122 செ.மீ. தேவை. ஆகவே மறைபுள்ளிகளைத் தாளுக்கு வெளியே, மேசையிலோ தரையிலோ குறித்து, நூல் பிடித்துக் கோடு போடுங்கள். பெட்டியை முக்கோணத்தின் மையத்தருகே வரையுங்கள்.

மறைபுள்ளிகளைக் கற்பிக்கும் ஒவ்வொரு பாடமும் கண்ணின் தொலைவையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும் என்பது என் கருத்து. அதைச் சொல்லித்தராமல், "உனக்கு ஓவியம் வராது" என்று ஒரு மாணவனை ஒதுக்குவது நியாயமன்று. அவனுக்குக் குறைந்தது திறமையல்ல, சிறிது வடிவியல்தான்.